சதவீதத்தை நம்பி மார்க்கைக் கழிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றி எங்கள் கல்லூரிக்கு விதிமுறை எழுத ஒரு குழு போட்டிருக்கிறார்கள். எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இப்போதைக்கு வரைவில் இருப்பது இரண்டே விஷயம். சோதிக்கும் மென்பொருளில் 20 சதவீதத்துக்கு மேல் ‘ஏஐ’ என்று வந்தால் அந்த அசைன்மென்ட்டுக்கு மார்க் கிடையாது. எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்கும் பிஎச்.டி.க்கும் முழுத் தடை.

போன செமஸ்டரில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, நூலகத்தில் என் கண் முன்னால் உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்கு மென்பொருள் 84 சதவீதம் போட்டது. ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து வரும் மாணவன் ஒருவனுக்கு 9 சதவீதம்தான். அவன் மலையாளிப் பழங்குடி வகுப்பு; பெயர்தான் அப்படி, கேரளத்தவர் அல்ல. எழுதியது தன் ஊர்ப் பண்டிகைகளைப் பற்றி. அதில் ‘சேர்வராயன் மலை மக்கள் ஓணம் பண்டிகையைச் சிறப்பாகக் கொண்டாடுகின்றனர்’ என்று ஒரு வரி. “உங்க வீட்டுல ஓணம் கொண்டாடுவீங்களாப்பா?” என்று கேட்டேன். “இல்லைங்க மேம். போன்ல கேட்டா அப்படித்தான் வந்துச்சு” என்றான்.

வரைவின்படி போனால் அந்தப் பெண்ணுக்குப் பூஜ்யம், அந்தப் பையனுக்கு முழு மார்க். பேசாமல் எல்லாவற்றையும் பழையபடி கையால் எழுதி வாங்கிவிடலாமா என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு கௌரவ விரிவுரையாளர், சேலம்

*

அன்புள்ள பேராசிரியருக்கு,

வணக்கம். அந்தச் சதவீத வரியை வரைவிலிருந்து எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது என்பதே என் கருத்து.

இந்தச் சதவீதப் பழக்கம் நம் கல்லூரிகளுக்கு வந்தது 2018ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளால். ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திக் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து. இந்த விதிகளைப் பற்றி எனக்கு வேறு குறைகள் உண்டு. ஆனால் அந்தக் கணக்குக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. எந்த வரி எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்று அறிக்கை வண்ணம் தீட்டிக் காட்டும். ‘இது மேற்கோள்’, ‘இது எல்லோரும் எழுதுகிற சாதாரண வாக்கியம்’ என்று மாணவர் வாதாடலாம். தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை ஒத்துப்போவதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று விதியே சொல்கிறது.

ஏஐ சதவீதம் இந்த வகையைச் சேர்ந்ததே இல்லை. ஒப்பிட்டுக் காட்ட அதனிடம் மூலம் எதுவும் கிடையாது. அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது, வாக்கியங்கள் எவ்வளவு ஒரே சீராக ஓடுகின்றன என்பது போன்றவற்றை வைத்து அது ஒரு குத்துமதிப்பைச் சொல்கிறது. உங்கள் ஊர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கு ‘டச்’, அதாவது சுத்தம், எவ்வளவு என்று கேட்கிறார்கள். சொன்ன கணக்கில் சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெட்டி உருக்கிப் பார்த்துவிடலாம். உங்கள் மாணவிக்கு விழுந்த 84ஐ உருக்கிப் பார்க்க ஒரு வழியும் இல்லை. எளிய சொற்களை, மனப்பாடம் செய்த வாக்கிய அமைப்புகளை, பிசகாமல் அடுக்கி எழுதுவது யார்? நோட்ஸ் படித்து ஆங்கிலம் கற்றுக்கொண்ட நம் பிள்ளைகள்தான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ‘இயந்திரம் எழுதியது’ என்று அவை சொல்லிவிட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு அநேகமாக நேரவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர்கள் எழுதியவற்றில் 9 சதவீதத்தின்மேல் தவறாகப் பழி போட்டது என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிட்டின் மென்பொருளின் ஏஐ சோதனையை 2023 ஆகஸ்டில் நிறுத்திவைத்தபோது சொன்ன கணக்கை உங்கள் குழுவில் அப்படியே படித்துக் காட்டுங்கள். 2022இல் அங்கே அந்த மென்பொருளுக்குப் போன கட்டுரைகள் 75,000. டர்னிட்டின் நிறுவனம் ஒப்புக்கொள்ளும் பிழை 1 சதவீதம். அப்படியென்றால் ஒரு தப்பும் செய்யாத சுமார் 750 கட்டுரைகள்மேல் குற்றம் விழுந்திருக்கும்.

நம் நாட்டிலும் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஹரியானாவில் சட்டம் படித்த ஒரு மாணவரை, விடைத்தாளில் பெரும்பகுதி ஏஐ எழுதியது என்று சொல்லி அவருடைய பல்கலைக்கழகம் தோல்வியடையச் செய்தது. 2024இல் அவர் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பல்கலைக்கழகம் தேர்ச்சி கொடுத்துவிட்டதால் வழக்கு முடிந்தது. சட்டம் தெரிந்த பையன், வழக்குப் போட்டான். அம்மாபேட்டைப் பெண் எங்கே போவாள்?

இனி அந்த மலைக் கிராமத்துப் பையன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது அவனுடைய ஓணம்தான்.

மலையாளி என்ற பெயரைப் பார்த்து இயந்திரம் கேரளத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. அதில் ஆச்சரியம் இல்லை. கேரள மலையாளிகளைப் பற்றி இணையத்தில் மலைபோல் எழுத்து கிடக்கிறது, சேர்வராயன் மலை மக்களைப் பற்றி இருப்பது கொஞ்சம். ஆனால் அந்த வரி பொய் என்று எழுதியவனுக்கே தெரியும். அவன் வீட்டில் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் வழி நாம் என்று அவன் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பான். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வீட்டோடு மேலே ஏறியிருப்பான். இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு, தன் ஊரைப் பற்றிய கட்டுரையில் ஓணத்தை விட்டுவைத்தான். ஏன்? வீட்டில் தெரிந்துகொண்டது பரீட்சைக்கு உதவாது, அச்சில் இருப்பதுதான் அறிவு என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் அவனுக்குப் பழக்கியிருக்கிறோம். முன்பு அந்த இடத்தில் கைடு இருந்தது, இப்போது போன் இருக்கிறது.

இதை எந்த மென்பொருளும் பிடிக்கவில்லை, உங்கள் ஒரு கேள்வி பிடித்தது. உங்கள் விதிமுறை முழுக்க அந்தக் கேள்வியின்மேல் நிற்கட்டும். பெயர் போட்டுக் கொடுத்தவர் தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு, கேட்டால் பதில் சொல்லவேண்டும். நேச்சர் இதழை வெளியிடும் குழுமம் 2023 ஜனவரியில், ஏஐ கருவியை ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியராகப் போடக்கூடாது என்று முடிவெடுத்தபோது சொன்ன காரணமும் இதுவே. எழுதியதற்குப் பொறுப்பேற்க இயந்திரத்தால் முடியாது. ‘ஓணம்’ என்று எழுதியதற்காக அவனுக்கு மார்க் குறையுங்கள். ஏஐயைத் தொட்டதற்காக அல்ல, தவறு என்று தெரிந்த ஒன்றைத் தன் பெயரில் கொடுத்ததற்காக. அதே தாளை அவன் திருத்தி எழுதிக் கொண்டுவரட்டும், அதற்கு மார்க் போடுங்கள்.

அறுபது பேர் வகுப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம் கேட்டாலும் ஐந்து மணி நேரம் ஆகும் என்று குழுவில் சொல்வார்கள். நியாயம்தான். எல்லோரையும் கேட்க வேண்டியதில்லை. சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேரைக் கேளுங்கள். யார் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லோரும் தங்கள் தாளை ஒருமுறையாவது படித்துவிட்டு வருவார்கள். அதோடு கேள்வியையும் மாற்றுங்கள். ‘சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களின் வளர்ச்சி’ என்று கொடுத்தால் முப்பது வினாடியில் போன் எழுதித் தந்துவிடும். ‘உங்கள் வீட்டில் அல்லது ஊரில் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவரிடம் பேசி, அவர் சொன்னதையும் பாடப் புத்தகம் சொல்வதையும் ஒப்பிடுக’ என்று கொடுத்துப் பாருங்கள். சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறது. மேற்பார்வையில் நடக்கும் தேர்வில் பொதுவாக ஏஐக்கு இடமில்லை, மற்ற வேலைகளில் பயன்படுத்தலாம். உங்கள் கல்லூரியின் வசதிக்கும் இந்தப் பிரிவினை ஒத்துவரும்.

கையால் எழுதி வாங்கும் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுவார்கள், அவ்வளவுதான். கையெழுத்து அவர்களுடையது, வாக்கியம் போனுடையது. திருத்துகிற உங்களுக்குக் கண் வலி மிச்சம்.

ஆராய்ச்சிக்கு முழுத் தடை என்ற இரண்டாவது விதி சொல்ல எளிது, நடக்காது. தமிழ்வழியில் படித்து வந்த ஆராய்ச்சி மாணவர் ஒரு கடினமான ஆங்கிலக் கட்டுரையைப் புரிந்துகொள்ள, தன் ஆங்கிலத்தைச் சரிபார்க்க இந்தக் கருவியைக் கேட்கிறார் என்றால் அதை நான் வரவேற்கிறேன். இத்தனை காலம் அந்த உதவி காசு உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. எதற்குப் பயன்படுத்தினேன் என்று ஆய்வேட்டின் முகப்பில் ஒரு பத்தி எழுதட்டும். அடிக்குறிப்பில் உள்ள ஒவ்வொரு நூலையும் கட்டுரையையும் நெறியாளர் கேட்டால் எடுத்துக் காட்டட்டும், ஏனென்றால் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் கொடுப்பது இந்தக் கருவிகளின் தெரிந்த கோளாறு. காசு கட்டி வாங்கும் கணக்கு இருந்தால்தான் முடியும் என்கிற வேலையை எந்த மாணவருக்கும் கொடுக்கக்கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்டிப்பாகத் தடுக்க வேண்டியது வேறொன்று. அதை உங்கள் வரைவில் காணோம். ஒரு மாணவி கொலுசுப் பட்டறைப் பெண்களிடம் பேட்டி எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கினோம், எத்தனை வருடமாகக் கழிக்கிறோம், புருஷன் குடித்துவிட்டு என்ன செய்தான் என்றெல்லாம் நம்பிச் சொல்கிறார்கள், ஊரும் பேரும் சேர்த்து. அந்தப் பேட்டியை அப்படியே கொண்டுபோய் ‘சுருக்கித் தா’ என்று ஒரு இலவசச் செயலியில் ஒட்டினால் அது யாருடைய கணினியில் தங்கும், எதற்குப் பயன்படும் என்று அவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சொன்ன பெண்கள் அதற்குச் சம்மதிக்கவும் இல்லை. பெயரும் அடையாளமும் நீக்காத பேட்டி, நோயாளி விவரம், வெளியிடாத பிறர் கட்டுரை எதையும் இந்தச் செயலிகளில் போடக்கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2023 ஜூனிலேயே, நிதி கேட்டு வரும் ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடுகிறவர்கள் ஏஐ கருவியில் போடக்கூடாது என்று தடை போட்டது, ரகசியம் மீறப்படும் என்பதால்.

இதே விதி ஆசிரியர்களையும் கட்ட வேண்டும். மாணவரின் தாளை அவரைக் கேட்காமல் ஏதோ ஒரு இலவசச் சோதனைத் தளத்தில் ஏற்றுவதும் அதே குற்றம்தான். ஏஐயிடம் கேள்வித்தாள் தயாரித்தால், மதிப்புரை எழுதி வாங்கினால், ஆசிரியரும் சொல்லட்டும்.

குழுவில் யாராவது ‘ஏஐ வந்து ஆராய்ச்சியே கெட்டுவிட்டது’ என்று சொன்னால், கல்லூரிகள் உள்ள ஊர்களில் ‘ப்ராஜெக்ட், தீசிஸ் செய்து தரப்படும்’ என்று எத்தனை காலமாகச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் புதிதாக எழுதிக் கொடுத்த ஆய்வேட்டில் ஒப்புமைச் சதவீதம் சுத்தமாக இருக்கும். அதை நாம் பதினைந்து, இருபது வருடமாகத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறோம். வாய்மொழித் தேர்வு சடங்காகிப் போனதால் வந்த வினை அது. பிறர் எழுதிக் கொடுத்ததைத் தன் பெயரில் தருவது, எழுதிக் கொடுத்தது மனிதராக இருந்தாலும் இயந்திரமாக இருந்தாலும், ஒரே குற்றம், ஒரே தண்டனை என்று எழுதுங்கள். இதற்கு எதிர்ப்பு வரும். வந்தால் யாரிடமிருந்து வருகிறது என்று கவனியுங்கள்.

கடைசியாக உங்கள் நிலைமை பற்றி. ஆண்டுக்காண்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் உங்களை வரைவு எழுத வைத்துவிட்டு, நாளைக்குப் பிரச்சினை வந்தால் ‘அந்த மேடம்தான் எழுதினார்’ என்று சொல்லிவிடுவார்கள். நிரந்தரப் பேராசிரியர் ஒருவர் முன்மொழியட்டும். கூட்டக் குறிப்பில் உங்கள் மாற்றுக் கருத்து பதிவாகட்டும், அதில் ஒரு நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டப்பட்ட மாணவர் முறையிட, வேறு துறை ஆசிரியர் ஒருவரும் உள்ள குழு வேண்டும். அங்கே தன் குறிப்புகளையும் முதல் பிரதியையும் காட்டித் தமிழிலேயே அவர் பேசலாம் என்றும் இருக்கட்டும்.

வரைவு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், அதைத் தமிழிலும் எழுதி, செமஸ்டர் தொடங்கும் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வகுப்பிலும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழ் வடிவத்தை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்