ஓட்டமும் ஒரு படமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வறுமை ஒழிப்புக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்ட அடுத்த மாதம் முதல்முறையாக முழு மாரத்தான் ஓடப்போகிறேன். நாலு மாதமாகப் பயிற்சி. ஆனால் நண்பர்கள், 'கொடுக்க நினைத்தால் பேசாமல் கொடுத்துவிட்டுப் போயேன், எதற்கு ஓடுகிறாய்?' என்று கேலி செய்கிறார்கள். பணம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இது வெறும் விளம்பர ஆசைதானா? நிதி திரட்டும் பக்கத்தின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு இரண்டு வரி எழுதி முடித்துக்கொள்வது என் வழக்கம். உங்கள் இணைப்பைத் திறந்தபின் அது முடியவில்லை. ஏனென்று அப்புறம் சொல்கிறேன்.

நண்பர்களின் கேலியை விடுங்கள். ஓடாமல் பணம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷாஃபிர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல் இந்தக் கிறுக்கைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்கள். பிக்னிக்கில் உட்கார்ந்துகொண்டு கொடுப்பதைவிட, ஐந்து மைல் ஓடிக் களைத்துக் கொடுப்பதென்றால் ஆட்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்களாம். வலி சேர்ந்தால்தான் நமக்குத் தர்மம் தர்மமாகத் தெரிகிறது, என்ன செய்ய?

விளம்பர ஆசை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இருந்துவிட்டுப் போகட்டும். பதிவுக் கட்டணமும் ஷூவும் உங்கள் கைக்காசாக இருந்தால் சரி. கூச்சமும் நல்லதுதான். கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு மாதம் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது அந்தப் படம்.

பக்கத்தின் உச்சியில் பளபளக்கும் பனியனில் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நீங்கள். அதற்குக் கீழே சட்டையில்லாமல், மூக்கொழுக, முகத்தில் ஈ மொய்க்க ஒரு குழந்தை. பெயரில்லை, ஊரில்லை. எங்கிருந்து எடுத்தீர்கள் அதை? இணையத்தில் தேடினால் கிடைத்திருக்கும். அந்தக் குழந்தையின் அம்மாவைக் கேட்டீர்களா? உங்கள் வீட்டுக் குழந்தைக்குச் சளி பிடித்திருக்கும்போது ஒரு படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவீர்களா?

எனக்குப் பத்து வயதில் ஒரு தொண்டு அமைப்பு எங்கள் பள்ளிக்கு வந்து புத்தகப் பை கொடுத்தது. முந்தின ராத்திரியே அம்மா என் சட்டையில் அறுந்துபோன பொத்தானைத் தைத்துவைத்தாள். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டதால் கறுப்பு நூல். பையை வாங்கியதும் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். கேமராக்காரர், "சிரிக்காதடா, கொஞ்சம் பாவமா பாரு" என்றார். எனக்கு வரவில்லை. கிட்டே வந்து அந்தப் பொத்தானைக் கழற்றிவிட்டார். தலைமுடியைக் கலைத்தார். அப்புறம் எடுத்தார்.

அடுத்த வருடம் அவர்களுடைய மலரில் அது வந்தது. படத்துக்குக் கீழே 'ஆதரவற்ற சிறுவன்' என்று அச்சிட்டிருந்தார்கள். அப்பா வேலை முடிந்து வந்து பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்னடா போட்டிருக்கு?" என்று கேட்டாள். "நல்லா படிக்கிற பையன்னு போட்டிருக்கும்மா" என்றேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொத்தானைத் தச்சுத்தானே அனுப்பினேன்" என்றாள்.

பையின்மேல் எனக்குக் கோபமில்லை. நாலு வருடம் அதைத்தான் சுமந்தேன்.

இவனுடைய சொந்தப் புண் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1984-இல் எத்தியோப்பியப் பஞ்சத்தின் படங்கள் உலகம் முழுக்கப் போயின. பணம் குவிந்தது, மறுக்கவில்லை. ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட 1986 மே மாதம் நடந்த ஸ்போர்ட் எய்ட் ஓட்டமும் அந்த அலையில் வந்ததுதான். சூடானைச் சேர்ந்த ஒமர் கலீஃபா என்ற ஓட்டக்காரர் தன் நாட்டிலிருந்து புறப்பட்ட தீப்பந்தத்தோடு நியூயார்க்கில் ஐ.நா. சபைக்கு வந்து சேர்ந்தார். அதே நாளில் பல நாடுகளில் லட்சக்கணக்கானவர்கள் ஓடினார்கள். கவனியுங்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த மனிதர் கையேந்தி நிற்கவில்லை, எல்லோருக்கும் முன்னால் ஓடினார். பஞ்சப் படங்களோ ஒரு கண்டத்தையே பிச்சைப் பாத்திரமாக மனதில் பதித்துவிட்டன. அது தொண்டு நிறுவனங்களுக்கே உறுத்தி, 1989-இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் கூடிப் படங்களுக்கும் செய்திகளுக்கும் ஒரு நடத்தை விதி எழுதிக்கொண்டன. நீங்கள் இன்னும் 1984-லேயே நிற்கிறீர்கள் கே. நாலு மாதம் ஓடிய கால் உங்களுடையது!

படத்தை நீக்குங்கள். அந்த நிறுவனம் பணத்தை என்ன செய்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். படம் இல்லாமல் ஆகாதென்றால், கொப்புளம் போட்டிருக்கிற உங்கள் காலை எடுத்துப் போடுங்கள். யாராவது பாவமாகத் தெரிந்துதான் ஆகவேண்டுமென்றால் அது நீங்களாக இருங்கள்.

கடைசி இரண்டு வாரம் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கூட்டத்தைப் பார்த்து வேகமெடுக்காதீர்கள். 30 கிலோமீட்டர் தாண்டும்போது உடம்பு சேமித்துவைத்திருக்கிற சர்க்கரைச் சத்தான கிளைகோஜன் தீர்ந்து கால் கல்லாகிவிடும், அதற்குப் பிறகும் 12 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது.

பக்கத்தை மாற்றியதும் இணைப்பை மறுபடி அனுப்புங்கள். என் பங்கை எடுத்துவைத்திருக்கிறேன். அதுவரை தருவதாக இல்லை.