மழையே இல்லாமல் அருவியில் வெள்ளமா?

கேள்வி: வார இறுதிகளில் மலை அருவிகளுக்குப் போகிறோம். குளிக்கும் இடத்தில் தூறல்கூட இல்லாதபோது திடீர் வெள்ளம் எப்படி வருகிறது? முன்கூட்டியே தெரியுமா?

பதில்: மேலே சில கிலோமீட்டர் தள்ளி, நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை பெய்தாலே போதும், பாறைச் சரிவில் நீர் ஊறாமல் அப்படியே ஓடிவரும். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். சில சமயம் இந்த அறிகுறிகள்கூட இருக்காது. அதனால் மேலே கருமேகம் திரண்டிருந்தால் இறங்கவே வேண்டாம். அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாதீர்கள். முழங்கால் அளவு நீரே வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும். வடியும்வரை மேட்டிலேயே இருங்கள். மலையில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் என்பதால் காலைக் குளியலே நல்லது. அருவி விழும் கசத்தில் (ஆழமான நீர்ப் பள்ளத்தில்) நீந்தாதீர்கள்: நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால் உடல் சரியாக மிதக்காது.