டென்வரில் முதல் இரண்டு நாள் (கடிதம்)

வணக்கம்.

ஜூலையில் நானும் கணவரும் ஒரு குழுவோடு அமெரிக்காவில் டென்வருக்குப் போகிறோம். முதல் இரண்டு நாளும் ஊருக்குள்ளேயே சுற்றல், மூன்றாம் நாள்தான் மலை. ‘ஓட்டல் வாடகை கறக்க இழுத்தடிக்கிறார்கள், கொடைக்கானலே டென்வரை விட உயரம், நமக்கெதற்கு ஓய்வு’ என்கிறார் இவர். நீங்கள் இப்படி ஒரு டூரில் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு நாளை விட்டுவிட்டு நேராக மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துகொள்ளலாமா? அரிசியும் சின்ன குக்கரும் எடுத்துப் போகலாமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் கணக்கு சரி. டென்வர் ஒரு மைல் உயரம், 1,609 மீட்டர். கொடைக்கானல் 2,100க்கு மேல். நானும் இதையே சொல்லி கைடிடம் வாதாடியவன்தான். ஆனால் கொடைக்கானலில் நாம் மூச்சோடு ஈரத்தையும் இழுக்கிறோம். டென்வர் காற்று வறண்டது. வியர்வை வந்ததே தெரியாமல் காய்ந்துவிடும், அதனால் தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீர் குடிக்காமல் திரிந்தேன், வெயிலில் தொப்பியும் இல்லை. இரண்டாம் இரவு தலைவலி, மூக்கில் ரத்தம். போதாததற்கு ஜூலையில் நமக்கும் அவர்களுக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். இரவு இரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருப்பீர்கள், மதியச் சாப்பாட்டு மேஜையிலேயே தூங்கி விழுவீர்கள்.

மூன்றாம் நாள் விஷயம் வேறு. ராக்கி மலை தேசியப் பூங்காவில் டிரெயில் ரிட்ஜ் சாலையில் ஏற்றினார்கள் என்றால் அது 3,713 மீட்டர் வரை போகும். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மரங்கள் நின்றுபோய் வெறும் புல்லும் பாசியும்தான். விமானத்திலிருந்து இறங்கிய கையோடு அங்கே போய் நிற்பது வேண்டாத வேலை. உங்கள் டூர்காரர்கள் கறக்கவில்லை, உடம்பைப் பழக்குகிறார்கள். பிரஷர், இதயம் என்று மாத்திரை எடுப்பவர் என்றால் கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மலை நகரம் என்று நம்பி இறங்கினால் முதல் நாள் ஏமாற்றமாக இருக்கும். டென்வர் சமவெளி. விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் தட்டையான புல்வெளிதான். மலைகள் மேற்கே தள்ளி ஒரு சுவர்போல நிற்கும், திசை தெரியாமல் நின்றால் அதைப் பார்த்தே மேற்கைத் தெரிந்துகொள்ளலாம்.

ஊருக்குள் சுற்றுவதை அலுப்பு என்று நினைத்தேன். பொன்தகடு போர்த்திய குவிமாடத்தோடு கொலராடோ மாநிலச் சட்டமன்றக் கட்டடம் இருக்கிறது, அதன் மேற்குப் படிகளில் பதினைந்தாவதில் ‘கடல்மட்டத்துக்கு ஒரு மைல் மேல்’ என்று செதுக்கியிருக்கிறார்கள். 1969இல் மறுபடி அளந்து பதினெட்டாவது என்றார்கள், 2003இல் பதின்மூன்றாவது என்றார்கள். மூன்று படியிலும் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றாவது சரியாக இருக்கும். ஊர்ப் பெயரே தமாஷ்தான். 1858இல் தங்கம் தேடி வந்த காலத்தில் வில்லியம் லாரிமர் என்பவர், அப்போது அந்த இடமும் அடங்கியிருந்த கான்சஸ் பிரதேசத்தின் ஆளுநர் ஜேம்ஸ் டென்வரைக் குளிர்விக்க அவர் பெயரை வைத்தார், மனிதர் ஏற்கெனவே பதவியை விட்டுப் போயிருந்தார்!

சிரித்து முடித்த கையோடு எங்கள் கைடு மேற்கே ஒரு சிகரத்தைக் காட்டினார். கொலராடோ பிரதேசத்தின் ஆளுநராக இருந்த ஜான் எவன்ஸின் பெயரில் வெகுகாலம் வழங்கிய மலை அது. 1864இல் சாண்ட் க்ரீக்கில் செயென், அரபஹோ பழங்குடி மக்களைப் படையினர் கொன்று குவித்தபோது ஆளுநர் அவர்தான். 2023இல் பெயரை ‘புளூ ஸ்கை’ என்று மாற்றினார்கள். தனியாகப் போயிருந்தால் அதை ஒரு பனிமலை என்று படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். டூரில் போகிறவர்களை நான் கிண்டல் செய்ததெல்லாம் அந்த இடத்தில் நினைவுக்கு வந்தது.

குக்கரா, வேண்டாம். டென்வரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கும் என்பதால் அங்கே குடியிருப்பவர்களுக்கு பிரஷர் குக்கர் கைகொடுக்கும்தான். ஆனால் ஓட்டல் அறையில் உங்களைச் சமைக்க விடமாட்டார்கள். குக்கருக்கு ஒதுக்கிய இடத்தில் சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய் வையுங்கள். உதட்டுக்கும் மூக்குக்கும் எனக்கு அதுதான் கைகொடுத்தது.