பத்து ஆடு வாங்கக் கடன் தருகிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் பெண்கள் 12 பேர் சேர்ந்து சேமிப்புக் குழு நடத்துகிறோம். ஆளுக்குப் பத்து வெள்ளாடு வாங்கும் அளவுக்குக் கடன் தர முன்வந்திருக்கிறார்கள். மாதாமாதம் தவணை. மேய்ச்சலுக்கு ஊரை ஒட்டிய காடுதான், அதுவும் வருடத்துக்கு வருடம் மொட்டையாகிக்கொண்டே வருகிறது. ராத்திரியில் சிறுத்தை வந்து ஆட்டைத் தூக்குவதும் உண்டு. கடனை வாங்கலாமா?

பதில்: இப்போது சொல்லும் நிபந்தனையில் வேண்டாம். ஆளுக்கு இரண்டு மூன்று பெட்டையாடு, தவணையிலும் மாற்றம் என்றால் சரி.

முதலில் தீவனக் கணக்கைப் பாருங்கள். 30 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டுக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்தீவனம் வேண்டும். பசுந்தழையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், தழையாகவே கொடுத்தால் நான்கு கிலோவாவது ஆகும். பத்து ஆட்டுக்கு 40 கிலோ, 12 வீட்டுக்கு 480 கிலோ, அதுவும் தினமும்! ஏற்கெனவே மொட்டையாகி வரும் காடு இதைத் தாங்காது. காடு போனால் தீவனத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டிவரும், அன்றைக்கே உங்கள் லாபமும் போய்விடும். அதனால் கடன் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்காமல், உங்களிடம் எவ்வளவு தழை இருக்கிறது என்று பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். வரப்பிலும் வேலியோரத்திலும் தீவன மரங்களை இப்போதே நடுங்கள். காட்டில் ஒரு பகுதியை மாற்றி மாற்றி மேயாமல் விட முடியுமா என்றும் ஊரில் பேசுங்கள்.

அடுத்து தவணை. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். குட்டி விற்கிற எடைக்கு வர அதற்கு மேல் ஆறேழு மாதம். வாங்கிய கையோடு சினை பிடித்தாலும் முதல் காசைப் பார்க்க ஒரு வருடம் ஆகிவிடும். அதுவரை தவணைக்கு எங்கே போவீர்கள்? கூலி வேலைக் காசு போதாமல் தாயாட்டையே விற்பார்கள். அப்புறம் கடன் மட்டும்தான் மிஞ்சும். எனவே முதல் வருடம் அசல் கட்டாமலிருக்கவும், அதன்பின் குட்டி விற்கும் சமயத்தில் தவணை கட்டவும் ஒப்புக்கொள்வார்களா என்று கேளுங்கள். மறுத்தால் கடனை விட்டுவிடுங்கள், குழுச் சேமிப்பிலிருந்து ஆளுக்கு ஒரு ஆட்டோடு தொடங்கலாம்.

சிறுத்தைக்குப் பயந்து விஷம் வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் தயவுசெய்து தடுங்கள். மேற்கூரையோடு கூடிய வலுவான ராத்திரிப் பட்டிக்குச் செலவிடும் பணம் வீணாகாது. காப்பீடு எடுக்கும்போது காட்டு விலங்கு அடித்தால் இழப்பீடு உண்டா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். சிறுத்தை பெரும்பாலும் ஒன்றிரண்டைத்தான் தூக்கும், ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் பட்டியே காலியாகும். அதற்கான தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்று வருடமாவது காக்கும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

காட்டு விலங்கைக் காப்பதிலிருந்தே வருமானம் பார்த்தவர்களும் உண்டு. மங்கோலியாவில் 1998-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், மேய்ச்சல் குடும்பப் பெண்கள் கம்பளிப் பொருள் செய்து விற்கிறார்கள். அவர்கள் பகுதியில் பனிச்சிறுத்தை வேட்டையாடப்படாமல் இருந்தால் விலைக்கு மேல் ஊக்கத்தொகையும் உண்டு. உங்கள் பகுதியில் வனத்துறையோ தொண்டு அமைப்போ இப்படி ஏதாவது நடத்துகிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

இன்னொன்று. கடன் பெண் பெயரில் இருக்கும், ஆட்டை விற்ற காசு வேறு கைக்குப் போய்விடும். இது நிறைய வீடுகளில் நடக்கிறது. காப்பீடும், ஆட்டின் காதில் மாட்டும் அடையாள வில்லையின் எண்ணும் உங்கள் பெயரில் இருக்கட்டும், விற்ற பணம் உங்கள் கணக்கில் வரட்டும். குழுவுக்குப் பொதுவாக ஒரு தொங்கு தராசு வாங்கிவிடுங்கள். வியாபாரியிடம் கண்மதிப்பில் விற்காமல் எடை போட்டு விற்றால், தராசுக்குப் போட்ட காசு சீக்கிரமே திரும்பிவிடும்.