முடியில் ஒட்டிய மெழுகு, பிசின், பலாப்பால்: பார்லர் அக்காவிடம் கேளுங்கள்

கேள்வி: அக்கா, நண்பன் கல்யாணத்துக்கு ஹேர் வேக்ஸைக் கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டேன். மூணு தடவை ஷாம்பு போட்டாச்சு, பிசுபிசுப்பு போகவே இல்லை.

பதில்: மூணு தடவையும் முதலில் தலையை நனைத்திருப்பாய் தம்பி, சிக்கலே அங்கேதான். இந்த மாதிரி வேக்ஸில் பெரும்பாலும் தேன்மெழுகு, பெட்ரோலியம் ஜெல்லி வகையறாதான் இருக்கும். தண்ணீர் அதில் ஒட்டவே ஒட்டாது. எண்ணெயில் மட்டும் இளகும்.

தலை காய்ந்திருக்கும்போதே தேங்காய் எண்ணெய் நாலைந்து ஸ்பூன் எடு. கை பொறுக்கிற சூடு போதும். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு கற்றையையும் விரல் நுனியால் உருட்டி உருட்டித் தடவு. கால் மணி நேரம் ஊறட்டும். பிறகு பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்துக்கொண்டு போ. பழைய பனியன் துணியால் அழுத்தித் துடைத்தால் பழுப்பாக ஒரு பசை துணியில் வரும். வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

இனிமேல்தான் முக்கியம். தண்ணீர் ஊற்றாமல், எண்ணெய்த் தலையிலேயே ஷாம்புவை விட்டு நன்றாகத் தேய். அப்புறம் கை ஈரம் அளவுக்குத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் வெள்ளையாகப் பால் போலக் கிளம்பும். அப்போது வெதுவெதுப்பான நீரில் அலசி, இன்னொரு முறை ஷாம்பு போடு. அடுத்த தடவை வாங்கும்போது டப்பாவில் ‘வாட்டர் பேஸ்டு’ (water-based, தண்ணீரில் கரைகிற வகை) என்று போட்டிருக்கிறதா பார். அதற்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம்.

கேள்வி: ஈஸ்டர் ராத்திரிப் பூசையில் பின்னால் நின்றவர் கையிலிருந்த மெழுகுவத்தி என் மகள் பின்னலில் சொட்டிவிட்டது. ஹேர் டிரையரால் உருக்கி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. மெழுகுவத்தி உருகவே ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அது தலைத்தோலைப் பொத்துப்போக வைக்கிற சூடு. இஸ்திரிப் பெட்டி யோசனை சொல்கிறவர்களை வீட்டுப் பக்கமே விடாதீர்கள்! முதலில் தோலில் எங்காவது சிவந்திருக்கிறதா பாருங்கள். முடியில் மட்டும்தான் என்றால் ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மெழுகின் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். மெழுகு விறைத்துப்போகும். கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நொறுக்கினால் செதில் செதிலாக உதிரும். முடியைப் பிடித்து இழுக்காமல், கட்டியை மட்டும் உடையுங்கள். மிச்சத்துக்கு மேலே தம்பிக்குச் சொன்ன எண்ணெய்தான். சூயிங் கம்முக்கும் இதே வழிதான்.

கேள்வி: சர்க்கரை, எலுமிச்சை காய்ச்சி வீட்டிலேயே வேக்ஸ் செய்தேன் அக்கா. கை முடி எடுக்கும்போது தலைமுடியும் மாட்டிக்கொண்டது.

பதில்: அது மெழுகே இல்லை, பாகு. வெந்நீர்த் துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் வை, கரைந்து ஓடிவிடும். கடையில் வாங்கிய பிசின் வேக்ஸாக இருந்தால்தான் எண்ணெய் வேண்டும்.

கேள்வி: பண்ருட்டிப் பலாப்பழம் அறுத்தபோது பால் பையன் தலையில் அப்பிக்கொண்டது. மண்ணெண்ணெய் போடச் சொல்கிறார் மாமியார். போடலாமா?

பதில்: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். மண்ணெண்ணெய் தோலை எரிக்கும், சட்டென்று தீப்பிடிக்கும், பிள்ளை தெரியாமல் விழுங்கிவிட்டால் நுரையீரலுக்குப் போய் ஆபத்தாகும். சுளை எடுக்கும் முன் கையில் எதற்கு எண்ணெய் தடவுகிறோம்? அதே எண்ணெய் தலைக்கும் போதும். நல்லெண்ணெயும் கேட்கும். சோப்பு போடுவதற்கு முன்னால் தடவுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: சமையல் சோடாவும் வினிகரும் கலந்து போட்டால் போகும் என்கிறார்களே?

பதில்: நுரைக்கும். பார்க்க நன்றாக இருக்கும். மெழுகைக் கரைக்கிற வேலை வினிகருக்குத் தெரியாது, சோடாவோ முடியைச் சொரசொரப்பாக்கும்.

கேள்வி: எனக்கு ஷாம்பு ஆகாது. எண்ணெய் வைத்தபின் சீயக்காய் போதுமா?

பதில்: சாதாரண எண்ணெய்க் குளியலுக்குத் தாராளமாகப் போதும். மெழுகு மிச்சமிருக்கிற தலையில் மட்டும் சீயக்காய்த் தூள் போய் ஒட்டிக்கொண்டு மண்ணாகிவிடும். அதனால் முதலில் துணியால் எண்ணெயையும் மெழுகையும் நன்றாக ஒற்றி எடு. பிறகு பாசிப்பயறு மாவைச் சூடு ஆறிய வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்து அலசு. சீயக்காய் கடைசியில். இரண்டு குளியலாவது ஆகும், பொறுமை வேண்டும்.

கேள்வி: ஃபெவிக்விக் ஒட்டிவிட்டது அக்கா, முன்நெற்றி முடியில். நெயில் பாலிஷ் ரிமூவர் போடட்டுமா?

பதில்: கண்ணுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகாதே. ஒட்டிய நாலு முடியைக் கத்தரித்துவிடு, வளர்ந்துவிடும். தோலில் பட்டிருந்தால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒற்றிக்கொண்டே இரு, தானாக விடும். இமையில் பட்டிருந்தால் எதையும் தடவாமல் நேராகக் கண் டாக்டரிடம் போ.