அத்தனை சுவாஹிலிகளும் எங்கே? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் பழைய கல்லறைகளைப் பற்றி 2023இல் வெளியான மரபணு ஆய்வைப் படித்தேன். தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கா, தந்தைவழியில் பாரசீகம் நிறைய என்கிறார்கள். அப்படியானால் அந்தக் கரையில் வாழும் சுவாஹிலிகள் உண்மையில் யார்? அந்தக் கரையை ஒட்டிய ஸான்சிபார் தீவுக்குப் போக எந்த மாதம் நல்லது?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மாதத்தைப் பயண ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். ஆய்வோடு எனக்குச் சண்டையில்லை. ‘உண்மையில் யார்’ என்று போலீஸ்காரர் போல விசாரிக்கிறீர்களே, அதுதான் எரிச்சல். செத்தவர் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டார் என்பது எலும்பில் இருக்காது.

கொஞ்ச நாளாக ஸான்சிபார் கணக்கெடுப்புதான் மண்டைக்குள் ஓடுகிறது. 1924இல் சுவாஹிலி என்று பதிந்தவர்கள் சுமார் 34,000 பேர். 1931இல் சுமார் 2,000. அத்தனை பேரும் சாகவுமில்லை, கப்பலேறவுமில்லை. ஷிராஸி (பாரசீக வழிவந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் பெயர்), தீவின் பழைய குடிகளான ஹதிமு, தும்பாத்து என்று வேறு பெயர்களில் அங்கேயேதான் இருந்தார்கள்.

அங்கே 1897இல் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. ஆப்பிரிக்கப் பெருநிலத்திலிருந்து பிடித்துவரப்பட்டவர்களில் பலர் தங்களைச் சுவாஹிலி என்றார்கள். இந்த ஊர்க்காரராக அதுவே வழி. அப்புறம் அந்தப் பெயரிலேயே அடிமை வாடை வீசுவதாக ஊர் நினைக்க ஆரம்பித்தது. வந்தவர், முன்பே இருந்தவர் எல்லோரும் அடுத்த பெயருக்கு நகர்ந்தார்கள். இதை ஏமாற்று என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். தலைநிமிர்ந்து வாழ ஆசைப்பட்டவர்கள், பாவம்.

துணியைப் பாருங்கள். அடிமைப் பெண்ணுக்கு முரட்டு வெள்ளைத் துணி, இல்லையென்றால் கருநீலம். தலையை மூடக்கூடாது. விடுதலையானதும் காங்கா என்ற பூப்போட்ட பருத்தித் துணியை ஜோடியாக வாங்கி, ஒன்றை உடுத்தி மற்றதைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து, பானை விற்றுப் பிழைத்த ஸான்சிபார் பாடகி ஸிதி பிந்தி ஸாத், 1928இல் பம்பாய் வந்து சுவாஹிலியில் பாடி இசைத்தட்டு கொடுத்தார். அவரைக் கணக்கெடுப்புப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் பதிவீர்கள், சொல்லுங்கள்!

பெயர் மாற்றம் என்றால் விளையாட்டு என்றும் நினைக்க வேண்டாம். 1957இல் ஆப்ரோ-ஷிராஸி என்ற பெயரிலேயே கட்சி வந்தது. 1964 புரட்சியில் அரேபியர் என்று கருதப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். வெட்டியவர்கள் மரபணுவைச் சோதித்துவிட்டு வெட்டவில்லை.

சரி, போனால் காங்கா வாங்குங்கள். அதில் அச்சிட்டிருக்கும் வாசகத்துக்கு என்ன அர்த்தம் என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரியைக் குத்திக்காட்டவென்றே அச்சாவதும் உண்டு. வீட்டில் கொடுத்துவிட்டு அப்புறம் எனக்குக் கடிதம் எழுதக்கூடாது.