நாய் வண்டியில் பனிக்காட்டுக்கு: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வட எல்லையை ஒட்டி ஈலி என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து பவுண்டரி வாட்டர்ஸ் காட்டுக்குள் வழிகாட்டிகள் கூட்டிப்போகும் நாய் வண்டிப் பயணங்களைப் பற்றி போன இதழில் நாலு வரிதான் எழுதினேன், அதற்கே கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

நானும் கணவரும் சிகாகோவில் இருக்கிறோம். இருவருக்கும் ஐம்பது நெருங்குகிறது, ஸ்கீ எல்லாம் பழக்கமே இல்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தால் நாய்கள் இழுத்துப் போகும், அவ்வளவுதானே?

அப்படி உட்கார்ந்து போகிற சவாரியும் உண்டு, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு. ஆனால் காட்டில் இரவு தங்கும் பயணம் என்றால் வண்டியை ஓட்டப்போவது நீங்களேதான். பெரும்பாலும் ஒரு வண்டிக்கு இரண்டு பேர், நாலு முதல் ஆறு நாய். பின்னால் நீண்டிருக்கும் இரண்டு சறுக்குக் கட்டைகளில் ஆளுக்கு ஒரு கால் வைத்து நிற்க வேண்டும், அல்லது ஒருவர் ஓட்ட ஒருவர் உட்கார்ந்து மாறி மாறிப் போகலாம். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி போய்ப் பின்வரிசை நாய்களின் காலில் இடித்துவிடும். முதல் நாள் காலையில் எல்லா வழிகாட்டிகளும் சொல்லித் தருகிற முதல் விதி, வண்டி கவிழ்ந்தாலும் கைப்பிடியை விடாதே என்பதுதான். நீங்கள் விழுந்துவிட்டீர்கள் என்று நாய்கள் நிற்காது, ஆளில்லாத வண்டியை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

வலது பக்கம் திரும்ப 'ஜீ', இடது பக்கம் 'ஹா', நிற்க 'வோ'. இவ்வளவு தெரிந்தால் போதும், அதிலும் முன்வண்டியின் தடத்தைப் பிடித்தே பின்வண்டி நாய்கள் ஓடும் என்பதால் நீங்கள் அதிகம் கத்த வேண்டியிருக்காது. ஐம்பது வயது ஒரு தடையே இல்லை. பனியில் இரண்டு மணி நேரம் நடக்க முடியுமா, குனிந்து நிமிர்ந்து ஒரு பெரிய நாயைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டியிலோ முதுகிலோ தொந்தரவு இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் வழிகாட்டியால் எதையும் மாற்ற முடியாது.

நாய்களைப் பூட்டி வண்டி இழுக்க வைப்பது கொடுமை இல்லையா? காசு கொடுத்து அந்தக் கொடுமைக்குத் துணை போகலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் பதிவு செய்யக் கூடாது என்றே நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

காலையில் வண்டி பூட்டும் நேரத்தில் பக்கத்தில் நின்று பாருங்கள். இழுவைப் பட்டையைக் கையில் எடுத்ததுமே மொத்தக் கூட்டமும் குரைக்கும், ஊளையிடும், நாலு காலும் தரையில் படாமல் துள்ளும். பூட்டிய நாய் ஒவ்வொன்றும் கயிற்றை முன்னால் தள்ளித் தள்ளி இழுக்கும். பனிக்குள் குத்தி வைத்திருக்கும் இரும்புக் கொக்கியும் மரத்தில் கட்டிய கயிறும்தான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. கொக்கியை எடுத்த நொடியில் அத்தனை சத்தமும் நின்றுவிடும், பாதங்களும் சறுக்குக் கட்டையும் பனியில் உரசுகிற ஓசை மட்டும்தான் மிச்சம். ஓடுவது இந்த நாய்களின் ரத்தத்தில் இருக்கிறது. பல தலைமுறையாக அதற்கென்றே வளர்க்கப்பட்டவை. பந்தயங்களில் ஓடுபவை பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கி, ஒல்லியான, நீண்ட கால் உடைய கலப்பினம். ஈலியில் சிலர் வைத்திருக்கும் கனடிய இன்யூட் நாய் அதைவிடக் கனமானது, அடர்ந்த ரோமம் உடையது, வேகம் குறைவு, சுமை இழுக்கும் பலம் அதிகம். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் அவை சுகமாக ஓடும். வெயில் ஏறிப் பனி உருகுகிற நாள்தான் அவற்றுக்குக் கஷ்டமான நாள், உடம்பு சூடேறி நாக்கைத் தொங்கப் போட்டுவிடும்.

ஆனால் நாய்க்கு ஓட ஆசை என்பதால் நடத்துகிறவர் நல்லவர் ஆகிவிட மாட்டார். அதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். வயதாகி ஓட முடியாமல் போன நாய்கள் என்ன ஆகின்றன? கோடையில் எப்படி வைத்திருக்கிறீர்கள்? சங்கிலியில் கட்டுகிறீர்களா, அப்படியானால் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அவிழ்த்து விடுகிறீர்கள்? வருடத்துக்கு எத்தனை குட்டிகள், அவை எங்கே போகின்றன? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லி, 'பருவம் தொடங்குவதற்கு முன்பே வந்து நாய்ப்பட்டியைப் பாருங்கள்' என்று கூப்பிடுகிறவரிடம் போங்கள். மழுப்புகிறவர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

வழியில் நிற்கும்போதும் கவனியுங்கள். நல்ல வழிகாட்டி தான் டீ குடிப்பதற்கு முன்னால் நாய்களிடம் போவார், ஒவ்வொரு பாதத்தையும் தூக்கி விரல் இடுக்கில் பனி உருண்டை கட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார், தோல் உரசியிருந்தால் துணியில் தைத்த குட்டிக் காலுறையை மாட்டிவிடுவார். குளிரில் நாய்கள் வெறும் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. அதனால் ஏரிப் பனிக்கட்டியைத் துளைத்து எடுத்த தண்ணீரைச் சுடவைத்து, கொஞ்சம் இறைச்சியைப் போட்டு, அந்த வாசனையைக் காட்டிக் குடிக்க வைப்பார்கள். அந்த வேலையில் உங்களையும் இறக்கிவிட்டால் சந்தோஷமாகச் செய்யுங்கள். பயணத்தில் பாதிக்கு மேல் இந்த மாதிரி வேலைதான், எனக்கு இதில் மிகவும் பிடித்ததும் அதுவே.

அக்கா, நான் மினியாபொலிஸில் படிக்கிறேன். எந்த மாதம் போனால் நல்லது?

தம்பி, டிசம்பர் கடைசியில் போனால் பகல் எட்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கூடாரம் போடுவதற்குள் இருட்டிவிடும். ஜனவரியில் குளிர் உச்சம். பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை என் தேர்வு: பகல் நீளம், பனி ஆழம், ஏரி உறுதி. மார்ச் பாதிக்கு மேல் பனி இளகத் தொடங்கினால் நாய்களுக்கு நல்லதில்லை.

ஊரில் குளிருக்குப் போடும் ஜாக்கெட், ஜீன்ஸ் போதாதா? புதிதாக எவ்வளவு வாங்க வேண்டியிருக்கும்?

ஜீன்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பருத்தி பனியனையும் சேர்த்து. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நின்றதும் அந்த ஈரம் உடம்பின் சூட்டை எல்லாம் இழுத்துவிடும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன் மேல் தடித்த ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்று புகாத தளர்வான அங்கி, முகாமில் சும்மா நிற்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே போட, பறவையின் மென்சிறகு அடைத்த ஒரு பெரிய டவுன் ஜாக்கெட். வண்டியைத் தள்ளும்போது வியர்க்கத் தொடங்கினால் உடனே ஒன்றைக் கழற்றுங்கள், சோம்பல் படாதீர்கள். பனிக்காட்டில் குளிரைவிட வியர்வைக்குத்தான் நான் பயப்படுவேன்.

கைக்கு விரல் பிரிந்த கையுறை சரிப்படாது. உள்ளே கம்பளி வைத்த தோல் கையுறைதான் வேண்டும், நாலு விரலும் ஒன்றாக இருப்பது. மினசோட்டாக்காரர்கள் அதைச் சாப்பர் என்பார்கள். காலணி இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் மரத்துப் போகும், அதனால் இரண்டு காலுறை போட்ட பிறகும் விரலை ஆட்ட இடம் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் வெளி அங்கி, காலணி, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் தாங்களே தருகிறார்கள், கட்டணத்திலேயே அடக்கமா என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

மைனஸ் 30 டிகிரியில் கூடாரத்தில் தூங்க முடியுமா? உயிரோடு எழுந்திருப்போமா?

எழுந்திருப்பீர்கள், அதுவும் நன்றாகத் தூங்கியே எழுந்திருப்பீர்கள், மாலையிலேயே ஆயத்தம் செய்தால். பயம் நியாயமானதுதான். ஈலிக்குப் பக்கத்தில் இருக்கும் டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2ஆம் தேதி மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது, இன்றுவரை மாநிலத்தின் சாதனை அது.

ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தராது, உங்கள் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆகவே உள்ளே போகும்போதே உடம்பு சூடாக இருக்க வேண்டும். படுப்பதற்கு முன்னால் வியர்க்காத அளவுக்குப் பத்து நிமிஷம் வேகமாக நடந்துவிட்டு வாருங்கள். வெண்ணெயோ சீஸோ நட்ஸோ, கொழுப்பு உள்ள எதையாவது சாப்பிடுங்கள், அது மெதுவாகச் செரித்து இரவு முழுக்க எரிந்துகொண்டிருக்கும். கொதிநீரைக் கெட்டி பாட்டிலில் ஊற்றி, மூடி இறுகியிருக்கிறதா என்று தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, ஒரு காலுறைக்குள் போட்டுத் தொடை இடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு பாய்க்கு இரண்டு பாய், ஏனென்றால் தரை வழியாகப் போகிற சூடுதான் அதிகம். மறுநாள் போட வேண்டிய காலணியின் உள்ளுறையையும் பேக்குக்குள்ளேயே வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் கட்டையாக உறைந்திருக்கும். மூச்சை மட்டும் பேக்குக்குள் விடாதீர்கள், அந்த ஈரம் உள்ளேயே படிந்துவிடும். முகத்தை வெளியே வைத்துக் கம்பளித் தொப்பியை மூக்கு வரை இழுத்துக்கொள்ளுங்கள்.

நடுராத்திரியில் சிறுநீர் முட்டினால் அடக்கிக்கொண்டு படுத்திருக்காதீர்கள், போய்விட்டு வாருங்கள். போகும்போது நாய்களையும் பாருங்கள். வைக்கோல் மேல் சுருண்டு, வாலை மூக்கின் மேல் போர்த்தி, முதுகில் பனி விழுந்தாலும் உருகாமல் கிடக்கும். உள்சூடு வெளியே வரவில்லை என்பதற்கு அந்த உருகாத பனியே அடையாளம்.

கூடாரத்துக்குள் விறகு அடுப்பு வைக்கும் முகாம்களும் உண்டு. அது பெரிய சுகம்தான். ஆனால் புகைபோக்கி, காற்றோட்டம் எல்லாவற்றையும் வழிகாட்டி பார்த்துக்கொள்ளட்டும், நீங்களாகத் திறப்புகளை அடைக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

உறைந்த ஏரி மேல் போவதாகச் சொல்கிறீர்களே, உடைந்துவிடாதா? ஓநாய் வேறு இருக்குமாமே?

தெளிவான புது ஐஸ் 10 சென்டிமீட்டர் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது அந்த மாநிலத்தின் பொதுவான கணக்கு. நடுக்குளிர்காலத்தில் அதைப்போலப் பல மடங்கு கனத்திருக்கும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்காது. ஓடை கலக்கும் வாய், இரண்டு ஏரிக்கு நடுவே இருக்கும் குறுகல் இங்கெல்லாம் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் ஐஸ் மெலிந்திருக்கும். இதற்குத்தான் அந்த ஏரியை வருஷா வருஷம் பார்க்கிற வழிகாட்டி வேண்டும் என்கிறேன்.

அடிக்கடி மாட்டுவது வேறொன்றில், சகதிப் பனி. மேலே விழுந்த பனியின் எடை ஐஸை அமுக்க, விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி, பனிப்போர்வைக்கு அடியில் உறையாமலே கிடக்கும். பார்வைக்கு வெள்ளைத் தரைதான், வண்டி போனதும் சறுக்குக் கட்டையில் ஒட்டி நொடியில் உறைந்துவிடும். அப்புறம் வண்டியைச் சாய்த்துப் போட்டு, ஒட்டிய ஐஸைச் சுரண்டி எடுத்தால்தான் அடுத்த அடி நகரும். கால் நனைந்தால் கூச்சப்படாமல் வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள்.

ஓநாய் நிறைய உண்டு, ஆனால் மனிதனைக் கண்டால் விலகிப் போய்விடும். தடத்தைத்தான் பார்ப்பீர்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நம் நாய்களின் ஊளைக்குத் தூரத்திலிருந்து பதில் வருவதைக் கேட்கலாம்.

இதெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்காக உண்டாக்கிய வேடிக்கைதானே? பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலில் போனால் ஒரே மணி நேரத்தில் முடிந்துவிடுமே.

அந்தப் பக்கத்தில் சாலை வருவதற்கு முன்னால் நாய் வண்டிதான் தபால் வண்டி. ஜான் பியர்கிரீஸ் என்ற, அனிஷினாபே என்னும் அமெரிக்கப் பூர்வகுடி இனத்தவர் 1879 முதல் 1899 வரை சுப்பீரியர் ஏரியின் வடகரை ஊர்களுக்குத் தபால் கொண்டுபோனார், குளிர்காலத்தில் நாய் வண்டியில், மற்ற நாளில் படகில். மினசோட்டாவில் நடக்கும் பெரிய நாய் வண்டிப் பந்தயத்துக்கு அவர் பெயர்தான். ஈலியில் வாழும் வில் ஸ்டீகரின் குழு 1986இல் நடுவழியில் உணவோ பொருளோ வாங்காமல் நாய் வண்டிகளோடு வட துருவத்தை அடைந்தது. அதில் இருந்த ஆன் பான்கிராஃப்ட் பனிமேல் பயணித்தே துருவத்தைத் தொட்ட முதல் பெண்.

ஸ்னோமொபைல் விஷயம் எளிது: 1978ஆம் வருடச் சட்டத்தின்படி பவுண்டரி வாட்டர்ஸுக்குள் அநேகமாக எங்குமே அதற்கு இடமில்லை. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பரப்பு, ஆயிரத்துக்கும் மேலான ஏரிகள், அதற்குள் குளிர்காலத்தில் நடந்தோ ஸ்கீயிலோ நாயோடோ போகலாம். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது. நிறுவனத்துக்கு வனத்துறை அனுமதி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

குளிரில் கன்னம் உறைந்து வெள்ளையாகிவிட்டால் பனியைத் தேய்க்கச் சொல்கிறார்களே, சரியா?

தவறு. எதையும் தேய்க்கக் கூடாது, பனியை நிச்சயமாகக் கூடாது, தோல் கிழிந்துவிடும். தொடக்க நிலையில் வெறும் உள்ளங்கையைக் கன்னத்தில் பொத்தி வைத்தாலே நிறம் திரும்பிவிடும். தன் முகம் தனக்குத் தெரியாது என்பதால் வண்டித் துணை மற்றவர் முகத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். விரல் கல்லாகி உணர்வே இல்லையென்றால் அது வேறு கட்டம், உடனே வழிகாட்டியிடம் காட்டுங்கள். மறுபடி உறையும் ஆபத்து இருக்கிற இடத்தில் அதை உருக்கக் கூடாது.

எங்கள் மகளுக்குப் பத்து வயது, நாய் என்றால் உயிர். கூட்டிப் போகலாமா?

முகாமுக்கு இப்போது வேண்டாம். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், விளையாட்டு மும்முரத்தில் குழந்தை சொல்லவும் சொல்லாது. குறைந்தபட்ச வயது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பகலில் வண்டி, இரவில் சூடான அறை என்று விடுதியில் தங்கும் பயணங்கள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் பாருங்கள். பதிவு செய்யும்போது, நாய்களுக்குச் சோறு வைக்க மகளையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.